டிரம் மேஜரின் காலடிக் கணக்கு: லண்டன், விண்ட்சர், எடின்பரோ

முதல் நாள், திங்கள். வெலிங்டன் பராக்ஸ்

பக்கிங்காம் அரண்மனையில் காவல் மாற்றம் பார்க்க வரும் கூட்டம் அரண்மனைக் கம்பிக் கதவை ஒட்டித்தான் முண்டியடிக்கிறது. பேண்ட் பார்க்க வருபவர்களுக்கு அது நல்ல இடம் அல்ல. பேர்ட்கேஜ் வாக் சாலையில், வெலிங்டன் பராக்ஸ் என்ற படைக் குடியிருப்பின் வேலிக்கு வெளியே, பத்தேகால் மணிக்கே போய் நின்றுவிட வேண்டும். திங்கள், புதன், வெள்ளி, ஞாயிறு என்பதுதான் வழக்கமான நாட்கள். பலத்த மழை என்றால் ரத்து, ஆகையால் முந்தைய நாள் இரவு ஒரு முறை பார்த்துக்கொள்வது நல்லது.

பராக்ஸ் மைதானத்தில் புதிய காவல் அணியைப் பரிசோதிக்கிறார்கள். அந்த நேரம் முழுக்க பேண்ட் நின்றபடி வாசிக்கிறது. பிறகு பதினொன்றுக்குச் சில நிமிடம் இருக்கும்போது நடைக்கு அணி சேர்கிறது. அந்தச் சில நிமிடங்களில்தான் பேண்டுக்கு முன்னால் கோலோடு நடக்கும் டிரம் மேஜர் என்ன வேலை செய்கிறார் என்பது தெரியும். அவர் வாத்தியம் எதுவும் வாசிப்பதில்லை. இசையை நடத்துவதும் அவர் அல்ல. அதற்கு டைரக்டர் ஆஃப் மியூசிக் என்ற அதிகாரி இருக்கிறார். எங்கே நடப்பது, எப்போது திரும்புவது, எந்த இடத்தில் நிற்பது, எந்த அடியில் இசை அடங்குவது, இவை நான்கும் டிரம் மேஜருடைய பொறுப்பு. பிரிட்டிஷ் தரைப்படையில் டிரம் மேஜர் என்பது ஒரு பதவிப் பொறுப்பு, தனி ரேங்க் அல்ல. முன்கையில் தலைகீழாக நான்கு பட்டை, அதன் மேல் ஒரு சிறு டிரம் சின்னம். ஆளை அடையாளம் காண அது போதும்.

இன்னொரு வேறுபாட்டையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பேண்டில் இருப்பவர்கள் ராயல் கோர் ஆஃப் ஆர்மி மியூசிக்கைச் சேர்ந்த முழுநேர இசைக்காரர்கள். கோர் ஆஃப் டிரம்ஸ் என்று தனியாக ஒன்று உண்டு. சைடு டிரம்மும் குழலும் வாசிக்கும் அந்த ஆட்கள் பட்டாலியனின் சண்டைச் சிப்பாய்கள். புதிய காவலோடு பேண்டும், பழைய காவலோடு கோர் ஆஃப் டிரம்ஸும் வருவதைப் பல நாட்களில் பார்க்கலாம். எந்தப் படையணி என்பதற்குச் சட்டைப் பொத்தானை எண்ணினால் போதும். ஒற்றை ஒற்றையாக இருந்தால் கிரெனடியர், இரண்டிரண்டு கோல்ட்ஸ்ட்ரீம், மும்மூன்று ஸ்காட்ஸ், நான்கு நான்கு ஐரிஷ், ஐந்தைந்து வெல்ஷ்.

இனி கணக்கு. விரைநடையில் ஃபுட் கார்ட்ஸ், அதாவது மேலே சொன்ன ஐந்து காவல் காலாட்படையணிகள், நிமிடத்துக்கு 116 காலடி வைக்கிறார்கள். மற்ற காலாட்படைகளுக்கு 120. ஒரு காலடி 30 அங்குலம். அப்படியானால் நிமிடத்துக்கு 88 மீட்டர் சொச்சம். மார்ச் மெட்டுகள் பெரும்பாலும் 16 பார் (இசையின் ஒரு தாளக் கூறு) கொண்ட பகுதிகளாகக் கட்டப்பட்டவை. ஒரு பாருக்கு இரண்டு அடி, ஒரு பகுதிக்கு 32 அடி. நீளமாகச் சொன்னால் ஏறக்குறைய 24 மீட்டர் 40 சென்டிமீட்டர். திருப்பி வாசித்தால் 49 மீட்டர். ஒரு மார்ச்சை நிமிடத்தால் அளப்பதைவிட மீட்டரால் அளப்பது டிரம் மேஜருக்குப் பயன்படும். ஏனென்றால் இசையை அழகாக முடிக்கக்கூடிய இடம் 24 மீட்டருக்கு ஒரு முறைதான் வருகிறது. அவசரமென்றால் எட்டு பார் முடிவில், அதாவது 12 மீட்டரில், ஒரு அரை நிறுத்தம் கிடைக்கும். ஆனால் அரண்மனை வாசல் இருக்கும் இடம் எந்த மெட்டுக்காகவும் நகர்ந்துகொடுக்காது.

இசையும் தரையும் ஒத்துவராதபோது என்ன செய்வது? ஒரு பகுதியைத் திருப்பி வாசிக்காமல் விடலாம், ஆனால் அதை நடக்கும் முன்பே பேசி வைத்திருக்க வேண்டும். அடியைக் குறுக்கலாம், அதைக் கொஞ்ச தூரத்துக்கு மேல் செய்தால் பின்னால் வரும் காவல் அணி பேண்டின் முதுகில் முட்டும். நின்ற இடத்திலேயே கால் மாற்றலாம். அல்லது பகுதி முடிவிலேயே இசையைக் கத்தரித்துவிட்டு மிச்ச தூரத்தை ஒற்றை டிரம் தட்டலோடு நடக்கலாம். பார்ப்பவருக்கு இந்தக் கடைசி வழிதான் மிகவும் சுத்தமாகத் தெரிகிறது. கேட்பவருக்கும் அப்படித்தான்.

பேஸ் டிரம் பேண்டின் நடுவில் போவதற்குக் காரணம் ஒலியின் வேகம். முன்வரிசைக்கும் பின்வரிசைக்கும் 30 மீட்டர் என்றால், ஒரு முனையின் ஒலி மறுமுனைக்கு வர ஒரு நொடியில் பதினோரில் ஒரு பங்கு நேரம் ஆகிறது. 116 வேகத்தில் ஒரு காலடிக்கு அரை நொடிதான் கிடைக்கிறது. ஆகக் காதை மட்டும் நம்பி நடப்பவர் ஆறில் ஒரு அடி பின்தங்கிவிடுவார். அவர் வாசிப்பதைக் கேட்டு அடுத்தவரும் தங்குவார். நடுவில் டிரம்மை வைத்தால் தூரம் பாதியாகிறது. அதற்குப் பிறகும் மிஞ்சும் பிழையைக் கண்தான் சரிசெய்ய வேண்டும். முன்னால் மேஸ் (டிரம் மேஜரின் கைக்கோல்), பக்கத்தில் இருப்பவரின் இடது கால், இந்த இரண்டையும் பார்த்து.

முன்வரிசையில் டிராம்போன்கள் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். ஸ்லைடு முழுதாக நீளும்போது முன்னால் யார் முதுகும் இருக்கக் கூடாது என்பதே விஷயம்.

இசை முடியும் விதத்தை இன்று கேட்டே ஆக வேண்டும். டிரம் மேஜர் மேஸை உயர்த்துகிறார். பேஸ் டிரம் வாசிப்பவர் அதைப் பார்த்து, வழக்கமான அடிகளுக்கு இடையே இரட்டைத் தட்டு ஒன்று தருகிறார். வெளியே நிற்பவர்களுக்கு அது ஏதோ அலங்காரம் போலக் கேட்கும். உள்ளே இருப்பவர்களுக்கு "இந்தப் பகுதியோடு முடிகிறது" என்று அர்த்தம். நாற்பது பேருக்கு மேல் இருக்கும் பேண்டில் பாதிப் பேர் முன்னால் கரடித்தோல் தொப்பிகள் சுவர் போல நிற்கின்றன. 18 அங்குல உயரத் தொப்பி அது. மேஸைப் பார்க்க முடியாதவருக்கும் அந்த இரட்டைத் தட்டு போய்ச் சேர்ந்துவிடும். கண்ணால் அனுப்பிய செய்தியைக் காதால் பெறச் செய்யும் ஏற்பாடு இது. இவ்வளவு எளிமையான ஒன்று இத்தனை நம்பகமாக வேலை செய்வதைக் கேட்கக் கேட்க அலுக்கவில்லை.

அடுத்தது திருப்பம். குறுக்கே ஏழு பேர், ஆளுக்கு ஆள் ஒன்றரை மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வரிசையின் அகலம் 9 மீட்டர். உள்முனை ஆள் 2 மீட்டர் ஆரத்தில் திரும்பினால் அவர் கடக்கும் வளைவு 3 மீட்டர் சொச்சம். வெளிமுனை ஆள் 11 மீட்டர் ஆரத்தில் 17 மீட்டருக்கு மேல் நடக்க வேண்டும். இருவருக்கும் அடியின் எண்ணிக்கை ஒன்றே, ஏறக்குறைய 23. வெளி ஆள் முழு அடி வைக்கிறார். உள் ஆளின் அடி ஆறு அங்குல நீளம்கூட வராது. தவறு எப்போதும் உள்முனையில்தான் தொடங்குகிறது. அவர் பொறுமையிழந்து கொஞ்சம் நீட்டி வைத்தால் வரிசை விசிறி போல் மடங்கிவிடும். டிரம் மேஜர் மூலையை ஒட்டி வெட்டித் திரும்பினாலும் இதே கதிதான். அவர் பின்னால் நடு ஆள் அதே தடத்தில் வருவார், உள்முனை ஆளுக்கு நடைபாதை விளிம்பு காலில் இடிக்கும். அதனால் நல்ல டிரம் மேஜர் மூலையைத் தாண்டி அகலமாகப் போய்த் திரும்புவார். தனியாக அவரை மட்டும் பார்த்தால் தேவைக்கு அதிகமாக வெளியே போவது போலத் தெரியும். பின்னால் வருபவர்களையும் சேர்த்துப் பார்த்தால் காரணம் விளங்கும்.

இரண்டாம் நாள், செவ்வாய். விண்ட்சர்

விண்ட்சரில் காவல் மாற்றம் வழக்கமாக செவ்வாய், வியாழன், சனி. விக்டோரியா பராக்ஸிலிருந்து கிளம்பி ஹை ஸ்ட்ரீட் வழியாகக் கோட்டைக்கு ஏறுகிறார்கள். லண்டனைவிடத் தெரு குறுகலானது, பேண்ட் கைக்கெட்டும் தூரத்தில் போகிறது. மேஸைக் கிட்டத்தில் பார்க்க இந்தத் தெருவைப் போல் வேறு இடம் கிடையாது.

மேஸ் என்பது வெறும் கோல் அல்ல. தண்டு மலாக்கா பிரம்பு. எடை குறைவு, சட்டென்று பிளக்காது. மேல்முனையில் வெள்ளியில் கனமான குமிழ்த் தலை, படையணிச் சின்னங்களோடு. அடிமுனையில் உலோகப் பூண். தண்டைச் சுற்றிக் குறுக்கும் நெடுக்குமாகச் சங்கிலி. மொத்தம் ஒன்றரை மீட்டர் அளவு. கனமெல்லாம் தலைப்பக்கம் இருப்பதால் சமநிலைப் புள்ளி நடுவில் இல்லை, தலைக்கு நெருங்கி இருக்கிறது. சுழற்றும்போது கை பிடிக்க வேண்டிய இடம் அதுதான். ஒரு விரல் அகலம் தவறினால் கோல் வட்டமாகச் சுழலாமல் தள்ளாடும். மேலே தூக்கி எறிந்து பிடிப்பதற்கும் அதே விதி. தலை எங்கே போனாலும் சமநிலைப் புள்ளி நேராக மேலே போய் நேராக இறங்க வேண்டும், நடக்கும் வேகத்தையும் கணக்கில் சேர்த்துச் சற்று முன்னால். நனைந்த வெள்ளைக் கையுறை, மரக்கிளை, தெருவின் குறுக்கே கட்டிய கொடித்தோரணம், இம்மூன்றும்தான் எறிதலின் எதிரிகள். இவற்றில் ஒன்று இருந்தாலும் எறியாமல் விடுவதே முறை. கோல் கீழே விழுந்தாலும் கால் நிற்கக் கூடாது. டிரம் மேஜர் தயங்கினால் பின்னால் வரும் வரிசைகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து சேர்ந்துவிடும்.

எறிதலுக்குக் கைதட்டு கிடைக்கிறது. ஆனால் பேண்டுக்கு அதனால் ஒரு தகவலும் கிடைப்பதில்லை. தகவல் இருப்பது சைகையில். சைகைகளின் வடிவம் படைக்குப் படை, சில நேரம் படையணிக்குப் படையணி மாறும். இலக்கணம் மட்டும் எங்கும் ஒன்றுதான். முதலில் முன்னறிவிப்பு, மேஸ் தலைக்கு மேல் போகிறது. அடுத்தது பிடித்து வைத்தல், கடைசி வரிசை வரை பார்த்துக்கொள்ளச் சில அடிகள் அவகாசம். மூன்றாவது நிறைவேற்றம், மேஸ் ஒரே வெட்டாகக் கீழே இறங்குகிறது, குறிப்பிட்ட காலில். இந்த மூன்றில் அதிகம் கெடுவது நடுவில் உள்ளதுதான். பதற்றத்தில் இருப்பவர் உயர்த்திய உடனே இறக்கிவிடுகிறார். முன்வரிசை நிற்கிறது, பின்வரிசை இன்னும் இரண்டு அடி வாசிக்கிறது. கூட்டம் அதை பேண்டின் பிழை என்று நினைக்கும்.

விண்ட்சரின் தனிப் பாடம் ஏற்றம். ஏறும்போது அடி தானாகக் குறுகும். தாளம் 116 மாறாமல் இருந்து, அடி மட்டும் 30 அங்குலத்திலிருந்து 27 ஆனால், 24.4 மீட்டர் வர வேண்டிய பகுதி 22 மீட்டரிலேயே முடிந்துவிடுகிறது. பத்துப் பகுதிகளில் 24 மீட்டர் பாக்கி. நேற்றைய சமதளக் கணக்கை இங்கே கொண்டுவந்தால் கோட்டை வாசலுக்கு முன்பே மெட்டு தீர்ந்துவிடும். முன்னால் கூட்டமும் மூச்சிரைப்பும் இல்லாத டிரம் மேஜர் மட்டும் முழு அடி வைத்தால் இன்னொரு கோளாறு. அவருக்கும் முன்வரிசைக்கும் இடைவெளி விழுகிறது. முன்வரிசை அதை மூட நீட்டி நடக்கிறது, பின்னால் உள்ளவர்கள் ஓட்டமும் நடையுமாக வருகிறார்கள். ஊதுபவர்களுக்கு மூச்சு போதாமல் நீண்ட ஸ்வரங்கள் பாதியில் அறுகின்றன. ஏறும்போது டிரம் மேஜர் தன் அடியைத் தானே குறுக்கிக்கொள்வதை இன்று இடுப்புக்குக் கீழே மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் தெளிவாகத் தெரியும். இறக்கத்தில் எல்லாம் தலைகீழ். அடி நீளும், தாளம் ஓடப் பார்க்கும், பேஸ் டிரம்தான் பிடித்து இழுக்க வேண்டும்.

எட்டாம் ஹென்றி வாயிலின் வளைவுக்குள் ஒலி கல்லில் பட்டுத் திரும்புகிறது. உள்ளே இருப்பவருக்குத் தன் அடியும் எதிரொலியும் சேர்ந்து இரண்டு தாளம் கேட்கும். அங்கே காதை மூடிக்கொண்டது போல் கண்ணால் மட்டும் நடக்க வேண்டும்.

மூன்றாம் நாள், புதன். விட்டன்

லண்டனின் மேற்கே, ட்விக்கனம் பக்கத்தில் விட்டன் என்ற பகுதியில் நெல்லர் ஹால் இருக்கிறது. ராணுவ இசைப் பள்ளி 1857 முதல் 2021 வரை இங்கேதான் இயங்கியது. பிறகு போர்ட்ஸ்மத்துக்குப் போய்விட்டது. வெளியிலிருந்து பார்த்துவிட்டுத் திரும்ப அரை நாள் போதும்.

பள்ளி வந்த காரணத்தை மட்டும் குறித்து வைக்கலாம். கிரிமியப் போரின்போது 1854இல் ஸ்கூட்டரியில் அரசியின் பிறந்தநாள் அணிவகுப்பு. அங்கே கூடிய பேண்டுகள் எல்லாம் சேர்ந்து நாட்டுப்பண் வாசித்தபோது ஒவ்வொன்றும் வேறு வேறு சுருதியிலும் அமைப்பிலும் வாசித்தன என்று சொல்லப்படுகிறது. அதுவரை ஒவ்வொரு படையணியும் தன் பேண்டைத் தன் விருப்பப்படி வைத்திருந்தது. ஒரே பயிற்சி, ஒரே சுருதி என்ற ஏற்பாடு அதன் பிறகு வந்தது. சனிக்கிழமை பல பேண்டுகள் ஒன்றாக நடக்கப்போவதற்கு அடித்தளம் இந்தக் கட்டடத்தில் போடப்பட்டது.

போர்ட்ஸ்மத்தில் ராயல் மரீன்ஸ் என்ற கடற்படைப் பிரிவின் இசைப் பள்ளியும் இருக்கிறது. மரீன்ஸ் பேண்டில் டிரம்கள் எல்லாவற்றுக்கும் முன்னால் போகின்றன. டிரம் மேஜருக்கு உடனே பின்னால் டிரம் வரிசை என்பதால் சைகையிலிருந்து தட்டலுக்கு நேரமே ஆவதில்லை. விலை என்னவென்றால், கடைசி வரிசைக்கு டிரம் ஒலி தாமதமாகப் போகிறது. தரைப்படை பேண்டுகள் எதிர்வழியைத் தேர்ந்தெடுத்தன. இரண்டிலும் கழித்தும் கூட்டியும் ஒரே கணக்குதான்.

நான்காம் நாள், வெள்ளி. ஹார்ஸ் கார்ட்ஸ்

நாளை ட்ரூப்பிங் த கலர், அரசரின் அதிகாரப்பூர்வப் பிறந்தநாளுக்கான கொடி அணிவகுப்பு. இன்று மைதானத்தைச் சுற்றி வந்தோம்.

ஹார்ஸ் கார்ட்ஸ் மைதானத்தின் மேல்பரப்பில் சரளை. குதிகால் ஓசை இங்கே எழும்பாது, சரக் சரக் என்ற அரைபடும் சத்தம்தான். திரும்பும் காலின் கீழ் கல் உருளும், ஆகையால் நின்று திரும்பும்போது பாதத்தைத் தேய்த்துச் சுழற்றாமல் தூக்கி வைப்பது நல்லது. இரண்டு பக்கமும் தற்காலிக இருக்கைகள். மூன்றாவது பக்கம் பழைய ஹார்ஸ் கார்ட்ஸ் கட்டடம், நான்காவது பக்கம் செயின்ட் ஜேம்ஸஸ் பூங்கா. கட்டடத்தில் பட்டு ஒலி திரும்பும், மரங்களில் பட்டால் திரும்பாது. இரண்டு திசையிலும் ஒரே பேண்ட் வேறு பேண்ட் போலக் கேட்கும்.

நாளை டிரம் மேஜர்கள் அரசு உடையில் வருவார்கள். அரச குடும்பத்தினர் முன்னிலையில் அணிவது இது. முழங்கால் வரை நீளும் கோட்டு, தங்கச் சரிகை அடர்ந்தது, நெஞ்சிலும் முதுகிலும் அரசரின் பெயர்ச்சின்னம். தலையில் கருநீல வெல்வெட்டில் ஒரு சிறு குதிரைச் சவாரித் தொப்பி, காலில் வெள்ளை உறை. பதினேழாம் நூற்றாண்டு அரசவைப் பாணி. ஆட்சி மாறினால் பெயர்ச்சின்னமும் மாற வேண்டும். இரண்டாம் எலிசபெத்துக்குப் பிறகு மூன்றாம் சார்லஸின் எழுத்துகளைக் கையால் தைக்க வேண்டியிருந்தது. மற்ற நாட்களில் அவர்கள் சிவப்புச் சட்டை, கரடித்தோல் தொப்பி, தோளில் குறுக்காக அகலமான பட்டை. அந்தப் பட்டையில் இரண்டு குட்டி டிரம் குச்சிகள் செருகியிருக்கும். டிரம் வாசித்து வளர்ந்த பொறுப்பு என்பதற்கு அது அடையாளம்.

தங்கக் கோட்டின் கனத்தில் கை தோளுக்கு மேல் போவது கடினமாகிறது. மேஸ் சைகைகளோ எல்லாம் தோளுக்கு மேல்தான். அரசு உடையில் வரும் டிரம் மேஜர்கள் மேஸைச் சுழற்றிக் காட்டாமல் நிதானமாக நடப்பதைப் பார்த்துச் சிலர் ஏமாந்து போகிறார்கள். அந்த நிதானத்தில்தான் வேலை சுத்தமாக இருக்கிறது என்பது எங்கள் கருத்து.

ஜூன் வெயிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2023 ஜூன் 10, ட்ரூப்பிங்குக்கு முந்தைய கர்னல் ஒத்திகையில் வெப்பம் 30 டிகிரியைத் தொட்டது. சிலர் மயங்கி விழுந்தார்கள், அவர்களில் ஒருவர் டிராம்போன் வாசித்துக்கொண்டிருந்தவர். அசையாமல் நிற்கும்போது ரத்தம் காலிலேயே தங்கிவிடுகிறது. கம்பளிச் சட்டையும் கரடித்தோலும் சேர்ந்தால் சீக்கிரம் தலை சுற்றும். பூட்ஸுக்குள் கால் விரலை மடக்கி விரிப்பது, கெண்டைக்காலை இறுக்கித் தளர்த்துவது, முழங்காலைப் பூட்டாமல் வைப்பது, இவை வெளியே தெரியாமல் செய்யக்கூடியவை. முந்தைய இரவே தண்ணீர் குடிப்பது எல்லாவற்றையும் விட முக்கியம். வெயில் வாத்தியங்களையும் விடாது. பித்தளைக்குள் காற்று சூடானால் சுருதி ஏறும், குளிரில் இறங்கும். வெயிலில் அரை மணி நேரம் சும்மா கிடந்த வாத்தியத்தை எடுத்து உடனே வாசித்தால் முதல் ஸ்வரம் சுருதி தாண்டித்தான் வரும்.

ஐந்தாம் நாள், சனி. ட்ரூப்பிங் த கலர்

இருக்கைச் சீட்டு குலுக்கலில்தான் கிடைக்கும். கிடைக்காதவர்கள் மால் சாலையிலோ பூங்காவின் ஓரத்திலோ காலையிலேயே இடம் பிடிக்கலாம். பூங்கா ஓரத்தில் நடையின் விவரம் குறைவாகத் தெரியும், இசை நன்றாகக் கேட்கும்.

அரசர் வந்து அணிகளைப் பார்வையிட்ட பிறகு பேண்டுகளின் நேரம். ஃபுட் கார்ட்ஸின் பேண்டுகள் ஒன்றாகச் சேர்ந்து நிற்கின்றன, சுமார் இருநூறு பேர். முன்னால் டிரம் மேஜர்கள் ஒரே வரிசையில். ஆணை வந்ததும் மெதுநடையில் மைதானத்தைக் கடக்கிறார்கள், பிறகு விரைநடையில் திரும்புகிறார்கள். மெதுநடைக்கு மேயர்பீரின் லே ஹ்யூகனோ என்ற ஓபராவிலிருந்து எடுத்த மெட்டு.

மெதுநடை நிமிடத்துக்கு 65 அடி. ஒரு அடிக்கு ஒரு நொடியில் பத்தில் ஒன்பது பங்கு. நூறு மீட்டரைக் கடக்க இரண்டு நிமிடம் ஆகும், விரைநடையில் ஒரு நிமிடமும் ஏழெட்டு நொடியும் போதும். மெதுவாக நடப்பது சுலபம் என்று தோன்றும். கால் தரையை விட்டு எழுந்த பிறகு விரல் நுனி கீழ்நோக்கி நீள, தரைக்கு மேலே மிதந்து போய் இறங்குகிறது. அந்த மிதப்பு நேரம் முழுக்க உடல் ஒற்றைக்காலில் நிற்கிறது, கையில் டியூபாவோ டிரம்மோ இருக்க. பக்கவாட்டுத் தள்ளாட்டம் தொடங்கினால் முதலில் காட்டிக்கொடுப்பது தொப்பி. இருநூறு தொப்பிகளில் ஒன்று இடம் வலம் ஆடினாலும் தூரத்திலிருந்து தெரியும்.

ஆழத்தில் இருபது வரிசை, இரண்டு மீட்டர் இடைவெளி என்று வைத்தால் முன்னிருந்து பின்னுக்கு 38 மீட்டர். ஒலித் தாமதம் விரைநடையில் ஐந்தில் ஒரு அடிக்கு மேல். திங்கட்கிழமை பார்த்த ஆறில் ஒரு பங்கைவிட மோசம். இங்கே கண்ணை நம்பாமல் ஒரு அடியும் நகராது.

இனி ஸ்பின் வீல். நேரில் பார்ப்பதற்காகவே பயணத்தை இந்த வாரத்தில் வைத்துக்கொண்டதற்கு இதுதான் காரணம். மைதானத்தின் ஓரத்தை அடைந்த பேரணி 90 டிகிரி திரும்ப வேண்டும். சாதாரணத் திருப்பத்தில் உள்முனை அச்சு, வெளிமுனை வட்டம். இருநூறு பேர் அப்படித் திரும்ப இங்கே இடம் போதாது. ஆகவே பேரணியின் நடுப்பகுதியே அச்சாகிறது, முழுச் சதுரமும் தன் நடுவைச் சுற்றிச் சுழல்கிறது. ஒரு முனையில் உள்ளவர் முன்னோக்கி நடக்கிறார். வேறொரு முனையில் உள்ளவர் பக்கவாட்டில் அடி வைக்கிறார். மற்றொருவர் பின்னோக்கிப் போகிறார். நடுவில் உள்ளவர் நின்ற இடத்தில் கால் மாற்றிக்கொண்டு மெல்லத் திசை திரும்புகிறார். எல்லாரும் வாசித்துக்கொண்டே. இருநூறு பேருக்கும் ஒரே கட்டளை, ஆனால் இருவருக்குக்கூட ஒரே நடை கிடையாது. அதனால்தான் இதைப் பயிற்சிக் கையேட்டில் எழுதி வைக்க முடியவில்லை, பழையவர் பக்கத்தில் புதியவர் நின்று கற்றுக்கொள்கிறார்.

ஒரு ஆளை மட்டும் பிடித்துக்கொண்டு பார்த்தால் புரியும். வெளிப்பக்க வரிசையில் ஒரு கிளாரினெட் வாசிப்பவர். திருப்பம் தொடங்கியதும் அவர் தாளை விட்டுக் கண்ணை எடுத்து, தன் வலப்பக்க ஆளின் தோளைப் பிடித்துக்கொள்கிறார், பார்வையால்தான். தோள் விலகினால் அவர் அடி நீள்கிறது, நெருங்கினால் குறுகுகிறது. முகம் திரும்புவதே இல்லை, கருவிழி மட்டும் போய் வருகிறது. எட்டு பத்து நொடிகளில் மொத்த அணி ஒரு குழம்பிய கூட்டம் போல ஆகிறது. வரிசையே தெரியவில்லை. பிறகு எங்கிருந்தோ வந்தது போலக் குறுக்குக் கோடுகளும் நெடுக்குக் கோடுகளும் மறுபடி தோன்றுகின்றன, வேறு திசையைப் பார்த்தபடி. டிரம் மேஜர்கள் இந்த நேரத்தில் தங்கள் புதிய இடத்தை முன்கூட்டியே அடைந்துவிட வேண்டும். குழப்பத்திலிருந்து வெளியே வருகிற முதல் வரிசைக்கு நேராக நிற்க ஒரு குறி வேண்டுமே, அந்தக் குறி அவர்கள்தான். ஒருவர் அரை மீட்டர் தள்ளி நின்றாலும் முதல் வரிசை அவரைப் பார்த்துத்தான் நேராகும், பின்னால் பத்தொன்பது வரிசையும் அந்த அரை மீட்டரைச் சுமந்து வரும்.

விரைநடை முடிகிறபோது ஒரே ஒரு டிரம் வாசிப்பவர் பிரிந்து, அணியின் வலது முனைக்குத் தனியாக நடக்கிறார். அங்கே நின்று டிரம்மர்ஸ் கால் வாசிக்கிறார். கொடிக்குக் காவலாகப் போகும் எஸ்கார்ட் அணியின் கேப்டன் பொறுப்பைத் தன் இளைய அதிகாரியிடம் ஒப்படைக்க இது சைகை. இருநூறு பேர் வாசித்த மைதானத்தில் ஒற்றை டிரம் கேட்கிறது. பிறகு பிரிட்டிஷ் கிரெனடியர்ஸ் மெட்டோடு எஸ்கார்ட் கொடியை எடுக்கப் போகிறது.

குதிரைப்படை பேண்ட் வேறு உலகம். அங்கே மேஸ் கிடையாது. டிரம் குதிரைகள் இரண்டு பக்கமும் வெள்ளிக் கெட்டில் டிரம்களைச் சுமந்து வருகின்றன. ஓட்டுபவரின் இரண்டு கையிலும் குச்சி, அதனால் கடிவாளம் கால்களோடு இணைக்கப்பட்டிருக்கிறது. வணக்கம் செலுத்தும்போது குச்சிகளைத் தலைக்கு மேலே குறுக்காகப் பிடிக்கிறார். லைஃப் கார்ட்ஸின் டிரம்கள் நான்காம் வில்லியம் 1831இல் கொடுத்தவை. குதிரைகள் துள்ளோட்டத்தில் போகும்போது கீல் ரோ என்ற மெட்டு.

ஆறாம் நாள், ஞாயிறு. எடின்பரோ

எடின்பரோ டாட்டூ என்ற ராணுவ இசை விழா ஆகஸ்டில்தான். 1950இல் தொடங்கியது. இப்போது ஜூன், ஆகையால் பார்க்கக் கிடைப்பது களம் மட்டும். களமே நிறையச் சொல்கிறது.

கோட்டைக்கு முன்னால் உள்ள எஸ்பிளனேடு 1753இல் அணிவகுப்புக்காக அமைக்கப்பட்டது. கோட்டைப் பக்கத்திலிருந்து ஊர்ப் பக்கம் சரிவு. டாட்டூவின்போது மூன்று பக்கமும் இருக்கைகள், எட்டாயிரம் பேருக்கு மேல். காற்றுப் பை வைத்து ஊதும் பேக்பைப்புகளும் டிரம்களும் கொண்ட பைப் பேண்டுகள் எல்லாம் கோட்டை வாயில் வழியாகப் பாலத்தைக் கடந்துதான் வெளியே வர வேண்டும். வாயில் குறுகலானது, களம் அகலமானது. உள்ளே சிலர் தோளோடு தோளாக ஒடுங்கி வந்து, வெளியே வந்ததும் விரிய வேண்டும். விரியும்போது ஓர ஆள் சாய்வாக நீட்டி நடக்கிறார், நடு ஆள் அடியைக் குறுக்குகிறார். எல்லாம் இறக்கத்தில். டிரம் மேஜர் இங்கே வேகமாக நடந்தால் பின்னால் விரிவதற்கு நேரமே இருக்காது.

பைப் பேண்டில் இசைக்குப் பொறுப்பு பைப் மேஜர். அவர் இடம் முன்வரிசையின் வலது முனை. டிரம் மேஜர் எல்லாருக்கும் முன்னால், மேஸோடு. பல பேண்டுகள் சேரும்போது பல டிரம் மேஜர்கள் ஒரே வரிசையில் வருவார்கள், சைகை ஒருவருடையது, மற்றவர்கள் அவரைக் கண்ணோரத்தில் பார்த்து அதே அடியில் செய்வார்கள்.

தொடங்கும் விதம் காற்றுப் பையால் தீர்மானிக்கப்படுகிறது. கட்டளை கிடைத்ததும் டிரம்கள் மூன்று அடிக்கு ஒரு உருட்டல் தருகின்றன, ஒரு அடி இடைவெளி, மறுபடி மூன்று அடிக்கு உருட்டல், ஒரு அடி இடைவெளி. எட்டு அடி ஆயிற்று. முதல் உருட்டலில் பையில் காற்று நிற்கிறது. இரண்டாவதில் கை பையைத் தட்ட, தோளில் நிற்கும் டிரோன்கள், மாறாத ஒரே ஸ்வரம் தரும் குழல்கள், பேசத் தொடங்குகின்றன. மெட்டுக்கு முன், விரல்களால் மெட்டு வாசிக்கும் குழலான சான்டரில் ஒரு ஸ்வரம் நீண்டு ஒலிக்கிறது. ஒன்பதாவது அடியில், இடது காலில், மெட்டு. ஒருவர் பையை முந்தித் தட்டினால் ஒற்றை டிரோன் மட்டும் முனகும், கூட்டம் சிரிக்கும். பிந்தித் தட்டினால் முதல் பாரே அவருக்குக் கிடையாது.

நிறுத்துவது இன்னும் கடினம். புல்லாங்குழலை உதட்டிலிருந்து எடுத்தால் ஒலி நிற்கும். பைப்பில் பைக்குள் காற்று மிச்சம் இருக்கும் வரை ஒலி வந்துகொண்டே இருக்கும். எனவே மேஸ் இறங்கும் அதே அடியில் கை அழுத்தத்தை விட்டுவிட வேண்டும், ஐம்பது நூறு பேரும் ஒன்றாக. இங்கே மேஸைப் பிடித்து வைக்கும் நேரம் ஃபுட் கார்ட்ஸ் பேண்டில் பார்த்ததைவிட நீளமாக இருக்க வேண்டியிருக்கிறது. கோல் மேலே நிற்கும் அந்தச் சில அடிகளில் ஒவ்வொருவரும் கடைசி பாருக்கு எவ்வளவு காற்று வேண்டும் என்று அளந்துகொள்கிறார். வெட்டு சுத்தமாக விழுந்தால் டிரோன்கள் ஒரே கணத்தில் அறுகின்றன. அதன் பிறகு சைடு டிரம்மின் விளிம்பில் ஒற்றைத் தட்டு, இடது காலுக்கு ஒன்று, சரிவில் இறங்கிப் போகும் வரை.